ஃபைட்டா, ஸ்ட்ரகிளா?

'போராட்டம்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபைட்டா, ஸ்ட்ரகிளா என்று பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவாம். எல்லாருக்கும் உதவுமே என்று இங்கே எழுதுகிறேன்.

ஃபைட் என்றால் எதிரில் ஒன்று வேண்டும். ஆளோ, நோயோ, சட்டமோ. ஸ்ட்ரகிளுக்கு எதிரி தேவையில்லை. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டாலும், மலைக்கோட்டைப் படியில் மூச்சு வாங்கினாலும் ஸ்ட்ரகிள்தான். சுதந்திரப் போராட்டம் ஃப்ரீடம் ஸ்ட்ரகிள். ஆனால் அதில் கலந்துகொண்டவர் ஃப்ரீடம் ஃபைட்டர். ஸ்ட்ரகிளர் என்று எழுதினால் மார்க் போய்விடும்! 'ஃபாட் வித் தி பிரிட்டிஷ்' என்றும் எழுதாதீர்கள். அவர்கள் பக்கம் நின்று சண்டை போட்டார் என்றும் பொருள் வரும். 'அகெய்ன்ஸ்ட்' போடுங்கள்.

நம்மூர் உதாரணமே இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து, ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். உப்புச் சட்டத்தை எதிர்த்தது ஃபைட். சித்திரை வெயிலில் ஏறக்குறைய 150 மைல் நடந்தது ஸ்ட்ரகிள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கலெக்டரோடு மல்லுக்கு நிற்கவில்லை, திணறவும் இல்லை. அதற்கு ரெசிஸ்ட் என்பது பொருந்தும். தமிழில் மூன்றுமே போராட்டம்தான்.

தமிழின் இந்தத் தாராளம் எனக்குப் பிடிக்கும். ப்ராக்ரஸ் கார்டில் 'ஸ்ட்ரகிளிங் இன் மேத்ஸ்' என்று எழுதுகிறார்களே, கணக்கு ஏறவில்லை என்பதை நாசூக்காகச் சொல்வது அது. மூட்டை தூக்கும் ஒரு தகப்பனார், யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "கணக்குல விடாமப் போராடுறானாமே சார்!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். நான் திருத்தவில்லை. அந்தப் பையன் நிஜமாகவே தினமும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறவன். தப்பாக வருகிறது, அவ்வளவுதான். கார்டில் அந்த உழைப்புக்கு இடமே இல்லை. அப்பா சொன்ன சொல்லில் இருந்தது.

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னம் வரவில்லை என்றால் 'பின்னம் வரவில்லை' என்றே எழுதுங்கள். தினமும் முயல்கிறான் என்றால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் படித்துப் பார்ப்பவருக்குப் புரிகிற மொழியில்.