கைத்தறியும் நமது சலவையும்

வருசநாட்டு மலைகளிற் பிறந்து வரும் மூல வைகையில் நீர் ஓடும் நாட்களிலே, கரையோரப் பாறைகளில் துணி தப்பும் ஓசை கேட்கும். அவ்வோசையில் சுறுசுறுப்பு இருக்கிறது, சுத்தம் இருக்கிறது. ஆனால் நல்ல துணியொன்றின் ஆயுள் சிறிது சிறிதாகக் குறைவதும் அதே ஓசையில்தான்.

அம்மலைகளுக்கு வடக்கே, ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர்போன ஊர்கள். கைத்தறிச் சேலையும் வேட்டியும் வாங்கும் குடும்பங்களில் ஒரு முறையீடு அடிக்கடி எழுகின்றது. "சாயம் போகிறது, சுருங்குகிறது, கரை கிழிகிறது, இனிமேல் மில் துணியே போதும்" என்கிறார்கள். ஒரு வீடு இவ்வாறு தீர்மானிக்கும்போது, எங்கோ ஒரு தறிக்கு வேலை குறைகின்றது. குற்றம் பல சமயங்களில் தறியில் இல்லை, நமது துவைக்கும் கல்லில்தான் இருக்கிறது என்பது நமது கட்சி.

உடை என்பது வெறும் நூல் அன்று. ஸ்காத்லாந்து மலைநாட்டு ஆடவர் இடையில் உடுத்தும், மடிப்புகள் வைத்துத் தைத்த கம்பளி உடைக்குக் 'கில்ட்' என்று பெயர். நமது வேட்டிக்கு எட்டு முழம் என்றால், அதற்கு எட்டு கஜம் வரை துணி செல்லும். அவ்வுடையை 1746-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டமிட்டுத் தடுத்தது. 1782-ல்தான் தடை நீங்கிற்று. நமது மதுரையிலோ, 1921 செப்டம்பர் 22-ந் தேதி காந்தியடிகள் மற்ற உடைகளைக் களைந்து, முழங்கால் அளவுள்ள ஒற்றைத் துண்டை மேற்கொண்டார். உடையில் இத்தனை மானம் அடங்கியிருக்குமானால், அதைத் துவைப்பதிலும் சிறிது அறிவைச் செலுத்த வேண்டாமா?

முதலில் நூலின் குணத்தை அறிதல் வேண்டும். பருத்தி நனைந்தால் வலுப்பெறும். கம்பளியும் பட்டும் நனைந்தால் வலுவிழக்கும். கம்பளி மயிரின்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு அதை விரிக்க எவராலும் ஆகாது. ஆதலால் கில்ட் உடுத்துவோர் அதை அடிக்கடி நனைப்பதில்லை. தூசியைத் தூரிகையால் தட்டி, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். துவைத்தே தீரவேண்டுமெனில், மடிப்புகள் கலையாதபடி நூலோட்டித் தைத்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் மென்மையான சவுக்காரமிட்டு அமிழ்த்தி எடுத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் பரப்பி உலர்த்துவார்கள். நம் வீட்டுக் கம்பளிச் சால்வைக்கும் இம்முறையே தகும்.

பருத்தியின் கதை வேறு. அது அடியைத் தாங்கும். எனினும் மடித்து அடிக்கையில் மடிப்பின் விளிம்பும் கரையும் முதலில் நைகின்றன. புதிய கைத்தறித் துணியில் நெசவின்போது பாவுக்கு இட்ட கஞ்சி இருக்கும். முதல் முறை தனியாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசினால் அது நீங்கும். அப்போது சற்றுச் சுருங்குவது பருத்தியின் இயல்பு. ரவிக்கைக்கும் சட்டைக்கும் எடுத்த துணியை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுப்பது நலம். சாயத் துணியை முதல் மூன்று நான்கு சலவைகளில் பிறவற்றோடு சேர்க்கலாகாது. நெடுநேரம் ஊறவும் விடலாகாது. உப்பு நீரில் நனைத்துவிட்டால் எல்லாச் சாயமும் நிலைத்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நூலில் ஒட்டாது நின்ற உபரிச் சாயம் கழுவப்பட்டு நீங்கினாலன்றி ஒழுகல் நிற்காது.

வெண்மைக்கு ஆசைப்பட்டு வெளுப்புத் திராவகத்தை அளவின்றி ஊற்றுவோர், அழுக்கோடு நூலையும் அரித்துவிடுகிறார்கள். பட்டிலும் கம்பளியிலும் அது படவே கூடாது. சலவை யந்திரம் உள்ள வீடுகளில் கைத்தறியை வலைப்பையிலிட்டு, மெதுவாகச் சுழல விடுவது உத்தமம்.

கறைகளைப் பற்றி ஒரு சொல். இரத்தக் கறையிலும் பால் கறையிலும் வெந்நீர் பட்டால் அவை நூலில் உறைந்துவிடும். குளிர்ந்த நீரே ஏற்றது. மஞ்சள் கறை சவுக்காரம் பட்டவுடன் சிவக்கக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. நன்றாக அலசி வெயிலில் இட்டால் தானே மங்கிவிடும். இரும்புத் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். வாழைக் கறைதான் பிடிவாதமானது; அதற்கு மருந்து, வாழைத் தோட்டத்துக்கு நல்ல வேட்டி உடுத்திப் போகாமையே!

வெள்ளைக்கு வெயில், வண்ணத்துக்கு நிழல். வண்ணத் துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவது இன்னும் நன்று. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று வீசுங்கால், ஒற்றை முனையில் தொங்கும் சேலை கொடியில் அடிபட்டே கிழிந்துபோகும். இரண்டாக மடித்து, கொடியின் இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டுக் கவ்வி போடுவது அவசியம்.

அன்றாடம் உடுத்தும் வேட்டிக்குக் கஞ்சி அழகுதான். ஆனால் பெட்டியில் நெடுநாள் வைக்கும் துணிக்குக் கஞ்சி கூடாது. பூச்சிக்கு அது விருந்து. ஈரம் சிறிதும் இன்றி உலர்த்தி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்தால் சரிகை ஒரே கோட்டில் அறுபடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூல வைகையில் நாம் அலசிவிடும் நுரை வருசநாட்டோடு நின்றுவிடுவதில்லை. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு அது செல்கிறது. அங்கிருந்து மதுரை மக்களின் குடிநீராகின்றது. வாளியில் நீர் மொண்டு கரைக்கு அப்பால் துவைத்து, அழுக்கு நீரை மண்ணில் கொட்டினால் ஆறும் பிழைக்கும். வண்ணத் துணிக்கும் பட்டுக்கும் பூந்திக்கொட்டை நுரை போதுமானது.

1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் எழுந்த சுதேசிப் பிரதிக்ஞையின் நினைவாக, 2015 முதல் அத்தினம் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒரு துணி வாங்குவது நல்ல காரியம். வாங்கிய துணியைப் பத்தாண்டு காப்பது அதனினும் நல்ல காரியம். ஏனெனில், உழைக்கும் துணியைக் கண்ட வீடுதான் மறுபடியும் கைத்தறியைத் தேடிச் செல்லும். வேட்டியின் பெருமையை மேடைகளிற் பேசும் ஆடவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது அதைத் தங்கள் கையாலேயே துவைத்துப் பார்க்கட்டும். நெய்தவனுடைய உழைப்பும், வீட்டில் அதைத் துவைப்பவர்களுடைய உழைப்பும் அன்று அவர்களுக்கு விளங்கும்.