குனிய முடியாதவரின் கால் நகம் யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் தம் கால் நகத்தைத் தாமே வெட்டிக்கொள்ள இயலாத முதியவர் ஒருவர் அரசிடம் உதவி கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது மறுப்பே. நீரிழிவு, இரத்த ஓட்டக் குறைபாடு போன்ற மருத்துவக் காரணம் இல்லாதவர்களைத் தேசிய சுகாதார சேவையின் பாத மருத்துவப் பிரிவுகள் பலவும் நகம் வெட்ட ஏற்பதில்லை. உள்ளாட்சி மன்றமான கவுன்சில் அனுப்பும் பராமரிப்புப் பணியாளர் குளிப்பாட்டுவார், உடை மாற்றிவிடுவார். கால் நகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று பல இடங்களில் அவருக்கு உத்தரவு. தனியாரிடம் போனால் கட்டணம். தொண்டு அமைப்புகள் சில ஊர்களில் நடத்தும் சேவைக்கும் பெரும்பாலும் பணம் தர வேண்டும்.

இதைச் சில்லறை விஷயம் என்பவர்கள் முதியவர் ஒருவரின் பாதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். வயதாக ஆக நகம் கொம்பு போலத் தடித்து வளைகிறது. சாதாரண நகவெட்டியின் வாய்க்குள் நுழையாது. பெருவிரல் நகத்தின் ஓரம் சதையில் இறங்கிவிட்டால் ஷூ போட முடியாது. தொளதொளத்த வீட்டுச் செருப்பில் காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். அந்த நடைதான் மாடிப்படியில் தடுக்குகிறது. பாத வலியுள்ள முதியோர் 305 பேரிடம் மெல்பர்னில் நடந்த ஆய்வு ஒன்று, 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வழக்கமான பாதச் சிகிச்சையோடு பொருத்தமான காலணி, உள்ளங்காலைத் தாங்கும் அட்டை, கணுக்கால் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது அவர்கள் கீழே விழுவது 36 சதவீதம் குறைந்தது.

இந்தப் பொறுப்பு முன்பு உள்ளாட்சியிடம்தான் இருந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குப் பாதப் பராமரிப்பு அளிக்க 1959இல் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழி திறக்கப்பட்டது. 1974 மறுசீரமைப்பில் அந்தப் பணி சுகாதாரத் துறைக்குப் போனது. நகம் வெட்டுவது மருத்துவத்தில் சேராது என்று அந்தத் துறை காலப்போக்கில் ஒதுங்கிக்கொண்டது. கவுன்சில்களைக் கேட்டால் சுகாதாரத் துறையைக் கைகாட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே அல்லாடுபவர், கட்டிலில் அமர்ந்தபடி தம் பாதத்தை எட்டித் தொடக்கூட முடியாதவர். இந்தத் தட்டிக்கழிப்பு தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை.

சட்டமும் கவுன்சில்களுக்குத் துணை நிற்கவில்லை. பராமரிப்புத் தேவை உருவாகாமல் தடுப்பதும், தள்ளிப்போடுவதும், குறைப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். உதவிக்கான தகுதியை முடிவு செய்யும் விதிகளில் உடல் சுத்தம் பேணுவதும் இடம்பெற்றிருக்கிறது. பாதம் அந்த உடலின் பகுதிதானே?

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் முதுமை எய்திவரும் நம் தமிழ்ச் சமூகத்துக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. தெற்காசியரிடையே இரண்டாம் வகை நீரிழிவு அதிகம். ஆண்டுக்கொரு முறை நடக்கும் நீரிழிவுப் பாதப் பரிசோதனையில் உணர்வையும் நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். நகம் வெட்டுவது அதன் வேலையில்லை. மகனிடமோ மருமகளிடமோ காலை நீட்டக் கூசி, வலியை மறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

கவுன்சில்களின் பணமுடை பொய்யில்லை. 2023இல் பர்மிங்காமும் நாட்டிங்காமும் வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று முறைப்படி அறிவித்தன. மானியத்தைப் பல ஆண்டுகள் வெட்டிய மத்திய அரசுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் நகம் வெட்டும் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும் பிறகு பராமரிப்பு இல்லமும் தேடுவது சிக்கனம் ஆகாது. அது பொறுப்பின்மை.

ஒவ்வொரு பராமரிப்பு மதிப்பீட்டிலும் பாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆபத்து குறைந்தவர்களுக்கு நகம் வெட்டப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, மற்றவர்களைப் பாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வசதியற்றவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பட்ஜெட்டில் கவுன்சிலர்கள் இதற்குத் தொகை ஒதுக்க வேண்டும். ஒதுக்காதவர்கள் அதற்கான காரணத்தை மன்றக் கூட்டத்திலேயே வாக்காளர்களுக்குச் சொல்ல வேண்டும்.