ஊர்ப் பேச்சு குறையல்ல



வகுப்பில் வரைபடத்தில் தக்லமக்கான் பாலைவனத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அதன் ஓரத்துச் சோலை ஊர்களில் வாழும் உய்குர் மக்களைப் பற்றிச் சொன்னதில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களைக் கேட்டால், "நான் காஷ்கர்காரன்", "நான் தூர்பான்காரன்" என்று ஊரைத்தான் சொல்வார்கள். இலிப் பள்ளத்தாக்கில் குடியேறி உழுதவர்களுக்குத் தாராஞ்சி என்று பெயர். 'உய்குர்' என்ற பழைய பெயரை 1921இல் தாஷ்கண்டில் கூடியவர்கள் மீண்டும் எடுத்தார்கள். 1930களில் அது சிஞ்சியாங்கில் அரசுப் பெயரானது. பேச்சில் மூன்று வழக்குகள்: நடு வழக்கு, தெற்கே ஹோத்தான், கிழக்கே லொப். பாடநூல் மொழி நடு வழக்கை ஒட்டியது.

இவ்வளவு வேறுபாடு இருப்பதால் அவர்கள் ஒரே மக்களல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஹோத்தான்காரர் பேசுவது காஷ்கர்காரருக்குப் புரிகிறதே!

2017இல் ஹோத்தான் பள்ளிகளில் உய்குர் மொழியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணை வந்தது. வட்டார வழக்கால் எந்த மொழியும் அழியாது. வகுப்பறையிலிருந்து வெளியேற்றினால்தான் அழியும். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அதுதான் உறுத்துகிறது.

உங்கள் எண்ணத்தையும் எழுதுங்கள், பிள்ளைகளே.