பிரஷர் ஏறினா பாசம் குறையும்!

செமஸ்டர் பிரஷர் ஏற ஏற, உயிருக்கு உயிரா சுத்தின ஃப்ரெண்டுகூட விலகிப் போறதைப் பார்த்திருப்பீங்க. நிக்கலும் அப்படித்தான் பாஸ்!

நிக்கலுக்கு இரும்புன்னா கொள்ளைப் பிரியம். உருகின பாறைக் குழம்பும் உருகின இரும்பும் பக்கத்துல இருந்தா, பாறையைக் கழட்டி விட்டுட்டு இரும்போட ஒட்டிக்கும். சாதாரண அழுத்தத்துல லேப் ரிசல்ட் இதுதான்.

சுமார் 450 கோடி வருஷத்துக்கு முன்னால பூமி உருகிக் கிடந்தப்போ, இரும்பு உள்ளே இறங்கி மையக்கரு ஆச்சு. கூடவே நிக்கலும் கிட்டத்தட்ட மொத்தமா போயிருக்கணும் இல்லையா? ஆனா, மேலே உள்ள மேன்டில் பாறையில இன்னும் சுமார் 0.2 சதவீதம் நிக்கல் இருக்கு. கணக்கு உதைச்சது. ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க.

1996-ல் ஜியே லி, கார்ல் ஏஜீ ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வுல முடிச்சு அவிழ்ந்தது. பாறையையும் இரும்பையும் ராட்சத அழுத்தத்துல சேர்த்து உருக்கினா, நிக்கலோட இரும்புப் பாசம் குறையுது! கோபால்ட்டுக்கும் அதே கதைதான். வெப்பத்துக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா, ஹீரோ அழுத்தம்தான். மேன்டில் கணக்கு டேலி ஆகணும்னா, இரும்பு பிரிஞ்ச இடம் பல நூறு கி.மீ. ஆழத்துல இருந்திருக்கணும். அதாவது, அன்னிக்கு பூமி மேல அவ்வளவு ஆழமான நெருப்புக் கடல்!

மனுஷன் போட்ட ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கி.மீ. சொச்சம்தான். மையக்கரு தொடங்குறதோ 2,900 கி.மீ. கீழே. யாரும் போக முடியாத இடத்தோட கதையை ஒரு 0.2 சொல்லிடுச்சு. ரெக்கார்ட் நோட்டுல டெசிமலை ரவுண்ட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க மக்கா!