ஆலோசகர் அருகில் இருக்கட்டும்

மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஆனால், மனநலப் பாதிப்பு உள்ளோரில் பத்தில் ஏழு பேருக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்று 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு தெரிவித்தது. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் சிற்றூர்களை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' தொலைபேசிச் சேவை (14416) வரவேற்கத்தக்கதே. ஆயினும், மருந்தைப் பாதியில் நிறுத்தியவரின் வீட்டுப் படியேறி விசாரிக்கத் தொலைபேசியால் இயலாது. அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பணியாற்றும் மனநல ஆலோசகரால் இயலும். ஆண்டுதோறும் ஆள் மாறும் ஒப்பந்தப் பணியாக அல்லாமல், நிரந்தரப் பணியிடமாக அதை உருவாக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள் அதற்கு நிதி ஒதுக்காதவரை, நாடாளுமன்றம் வழங்கிய உரிமை வெறும் ஏட்டளவில்தான் இருக்கும்.