இயற்பியலுக்குப் பயப்படுகிறார்களா நம் பிள்ளைகள்? சித்தியவான் வகுப்பறையிலிருந்து ஒரு பார்வை

சித்தியவான் - மூன்றாம் படிவம் முடியும் வேளையில் ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் ஒரு பாரம் மாணவர் கைக்கு வருகிறது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும் என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். சில வீடுகளில் அதை ஒரு வாரம் வைத்துப் பேசுவார்கள். சில வீடுகளில் அப்பா வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிள்ளை பொறியியல் பக்கம் போகுமா போகாதா என்பது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

முன்பு பிஎம்ஆர், பிறகு பிடி3 தேர்வின் முடிவு பார்த்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பள்ளியே பிரித்து அனுப்பும். 2020இல் அந்தப் பிரிவுமுறை எடுக்கப்பட்டது. 2022இல் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டது. மாணவர் விருப்பத்திற்கு மதிப்பு கூடியது நல்லதுதான். ஆனால், எதை விட்டால் எந்தக் கதவு மூடும் என்று 15 வயதுப் பிள்ளைக்கு யார் விளக்குகிறார்கள்?

அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் 60 விழுக்காட்டு மாணவர்கள் இருக்க வேண்டும் என்பது நாட்டின் பழைய இலக்கு. 1970ஆம் ஆண்டிலிருந்து பேசப்படுகிறது, இன்னும் எட்டப்படவில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது ‘ஸ்டெம்’ என்று கணக்கிடப்படும் எல்லாத் தொகுப்பிலும் இயற்பியல் கிடையாது. ஒரே ஒரு தொழில்நுட்பப் பாடம் எடுத்தவரும் அந்தக் கணக்கில் வரலாம். ஆகவே ‘என் பிள்ளை ஸ்டெம் எடுக்கிறான்’ என்று கேட்டு நிம்மதியடையும் பெற்றோர், இயற்பியலும் கூடுதல் கணிதமும் அதில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

பயத்திற்குப் பாடம் மட்டும் காரணமல்ல, மொழியும் காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை ‘வேகம்’ என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அது ‘லாஜு’ ஆகிறது. நான்காம் படிவத்தில் ‘லாஜு’ வேறு, ‘ஹலாஜு’ வேறு. திசையையும் சேர்த்துச் சொன்னால்தான் ஹலாஜு, அதாவது திசைவேகம். ‘ஜிசிம்’ என்றால் பொருண்மை, ‘பெராட்’ என்றால் எடை. மார்க்கெட்டில் இரண்டும் ஒன்றுதான், தேர்வில் மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும். ஒளிக்கு மலாயில் ‘சஹாயா’. அது சமஸ்கிருதச் ‘சாயா’விலிருந்து போன சொல். நமக்கோ சாயை என்றால் நிழல்! ஒரே சொல் ஓரிடத்தில் வெளிச்சம், ஓரிடத்தில் இருட்டு.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் டிஎல்பி என்ற பெயரில் சில பள்ளிகளில் ஆங்கிலம் திரும்ப வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்திலும் தங்கை மலாயிலும் படித்திருக்கலாம், அண்ணனின் குறிப்புப் புத்தகம் தங்கைக்கு உதவாது. இந்த நிலையில் இயற்பியல் ஆசிரியர் பாதி நேரம் மொழியாசிரியராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

இனி ஆய்வுக்கூடத்திற்குப் போவோம். நான்காம் படிவத்தில் ஒரு சோதனை உண்டு. ஓடும் தள்ளுவண்டியின் பின்னால் காகித நாடாவைக் கட்டி, நொடிக்கு 50 புள்ளி வைக்கும் கருவி வழியாக இழுக்கிறார்கள். வண்டி வேகமெடுத்தால் புள்ளிகள் விலகும். மாணவர்கள் நாடாவை வெட்டி ஒட்டி வரைபடம் செய்கிறார்கள். ஏன் 50, ஏன் 60 இல்லை? விடை சித்தியவானுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. அங்குள்ள மஞ்சோங் மின்நிலையம் நிலக்கரியில் 4,000 மெகாவாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுக்க வல்லது. அதன் சுழலிகள் நிமிடத்திற்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுற்றுகின்றன. வகுப்பறை நாடாவில் விழும் புள்ளியும் அந்தச் சுழலியும் ஒரே தாளத்தில்தான் ஓடுகின்றன. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஐந்தாம் படிவத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம். பாடநூலில் கப்பல், நீர்மூழ்கி, வெப்பக்காற்று பலூன் என்று வரும். மஞ்சோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு: மெட்ரோலாக். வெட்டிக் கொண்டுவந்த ரப்பர் பாலில் கிராணி மிதக்கவிட்டுப் பார்ப்பாரே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பால் கெட்டியாக இருந்தால் அதன் அடர்த்தி குறையும், குழாய் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் குழாய் மேலே எழும்பி நிற்கும். வாளி நிறைந்திருந்தும் கூலி குறைந்த கதை பாட்டி தாத்தாமார் பலருக்குத் தெரியும். அவர்கள் சம்பளத்தை முடிவுசெய்த கருவி, பேரப்பிள்ளையின் எஸ்பிஎம் தாளில் ‘ஹைட்ரோமீட்டர்’ என்ற பெயரில் நிற்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டதால் இன்றைய பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. ஆசிரியர் சொன்னால்தான் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

இப்படிச் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரம் வேண்டுமே! காலையில் கருவிகளை எடுத்து வைத்துச் சரிபார்ப்பது, வகுப்பு மதிப்பீட்டைக் கணினியில் பதிவது, மதியம் புறப்பாட நடவடிக்கை, இரவில் தாள் திருத்துவது என்று நாள் போகிறது. 2021ஆம் ஆண்டின் எஸ்பிஎம் முதல் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வாகிவிட்டது. முன்பு எழுதிச் சமாளித்ததை இப்போது கையால் செய்து காட்ட வேண்டும். இது நல்ல மாற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நின்றால், தொட்டுப் பார்ப்பவர் இருவர், எழுதிக்கொள்பவர் நால்வர். தேர்வில் அந்த நால்வர் தடுமாறுகிறார்கள்.

டியூஷன் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை பல தலைமுறை இந்திய மாணவர்களைத் தூக்கிவிட்டிருக்கின்றன. கணக்குப் போடும் வேகத்தை டியூஷன் தரும், கருவியைப் பிடிக்கும் பழக்கத்தைத் தராது. அது பள்ளி ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் மேசை நாற்காலி, சாயம், கூரை என்று பேசுவதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்கலாம்: ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை சோதனைகளைத் தன் கையால் செய்கிறார்? இயற்பியல் வகுப்பைத் திறக்க எத்தனை மாணவர்கள் தேவை? இரண்டாவது கேள்வியை மூன்றாம் படிவத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். அந்தப் பாரம் வீட்டுக்கு வந்தபின் கேட்டால், ஆள் சேர்க்க அவகாசம் இருக்காது.