தாயைக் காட்டுங்கள்!

"நாய்க்குட்டி வாங்கலாமா?" என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால், அப்புறம் அங்கே வேறு பேச்சே கிடையாது. குழந்தைகள் பெயர் வைத்துவிடுவார்கள். பாட்டி, "சமையலறைப் பக்கம் வராமல் இருந்தால் சரி" என்று நிபந்தனையோடு சம்மதம் தருவார். வீட்டுக்காரர் பணத்தை எடுத்து வைப்பார். குட்டி வந்த மறுநாள் முதல் அதற்குச் சோறு போடுவதும், அது ஈரம் செய்த இடத்தைத் துடைப்பதும் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆகவேதான் சகோதரிகளே, வாங்குகிற விஷயத்தில் முதல் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

என் அக்கா வீட்டில் அப்படி நடக்கவில்லை. பையனின் பிறந்த நாளுக்காக அத்தான் தொலைபேசியிலேயே பேசி, தொலைபேசியிலேயே பணத்தையும் அனுப்பிவிட்டார். ஓர் ஆள் பஸ் நிலையத்துக்கு வந்து, அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். "நாற்பத்தைந்து நாள் குட்டி சார், ஊசியெல்லாம் போட்டாயிற்று" என்றானாம்.

மறுநாளே வாந்தி. அடுத்த நாள் ரத்தபேதி. பார்வோ என்கிற வைரஸ் காய்ச்சல். டாக்டர் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றிப் பார்த்தார், பிழைக்கவில்லை. உடம்புக்குள் புகுந்த பிறகு அந்த வைரஸ் தலைகாட்டக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். குட்டி வரும்போதே நோயையும் கொண்டுவந்திருக்கிறது என்பது கணக்குப் போட்டாலே தெரிகிறது. ஊசி விஷயமும் அப்படித்தான். முதல் ஊசி ஆறு வாரம், எட்டு வாரத்தில் ஆரம்பிக்கும். பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியோ மூன்று மாதத்துக்கு மேல்தான். நாற்பத்தைந்து நாள் குட்டிக்கு 'எல்லாம்' போட்டிருக்க வழியே இல்லை.

விற்றவனிடம் சொன்னதற்கு, "பாதி விலைக்கு வேறு தருகிறேன்" என்றானாம். விரிசல் விட்ட பானையைத் திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்வது போல! அதற்கும் வழியில்லை. பார்வோ வைரஸ் தரையிலும் தோட்டத்து மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ப்ளீச்சிங் கரைசல் போட்டு வீட்டைக் கழுவிவிட்டு, ஒரு வருஷம் பொறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட விடவில்லை.

வருஷம் கழிந்தது. இந்தத் தடவை அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு, தானே நேரில் கிளம்பினாள். ராஜபாளையம் ஜாதிதான் வேண்டும் என்று பையனின் பிடிவாதம். 2005-இல் நம் தபால் இலாகா தபால்தலை வெளியிட்டதே, அதே வெள்ளை வேட்டை நாய்.

முதலில் போன இடத்தில் குட்டிகள் மொழுமொழுவென்று இருந்தன. "தாய் எங்கே?" என்றோம். "ஊருக்குப் போயிருக்கிறது" என்றார். பிள்ளை பெற்றவள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவாள்? பின்கட்டிலிருந்து குரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே போக எங்களை விடவில்லை. திரும்பிவிட்டோம்.

இரண்டாவது இடம் சாதாரண ஓட்டு வீடு. தாய் நாய் முற்றத்திலேயே படுத்திருந்தது. நீங்கள் போனாலும் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தாயைப் பாருங்கள். பால் கொடுக்கும் தாய் சற்று இளைத்திருப்பது சகஜம். ஆனால் ரோமம் உதிர்ந்து, எலும்பு துருத்தி, மனிதரைக் கண்டாலே மூலையில் ஒண்டினால், அதை வருஷம் முழுதும் குட்டி போடும் யந்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தாய் எழுந்து வந்து அக்காவின் புடவைத் தலைப்பை மோந்து பார்த்துவிட்டு, குட்டிகளுக்கும் எங்களுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

இது எத்தனையாவது ஈற்று என்று கேட்டேன். இரண்டாவது என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். 2017-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவும் கூடாது. பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வேறு, இது வேறு. அது வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

கேள்வி கேட்கப் போன எங்களை அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பெண் பார்க்கப் போய், பெண் வீட்டாரிடம் பரீட்சை எழுதின மாதிரி ஆகிவிட்டது. அக்காவுக்குக் கொஞ்சம் கோபம்கூட. எனக்கு என்னவோ அப்போதுதான் அவர் மீது நம்பிக்கை வந்தது.

குட்டிகளில் பால் வெள்ளையாய், ரோஜா நிற மூக்கோடு ஒன்று இருந்தது. பையன் அதைத்தான் கேட்டான். அவர் அதன் பின்னால் போய், தூரத்திலிருந்து சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். மற்றவை திடுக்கிட்டுத் திரும்பின. அது திரும்பவில்லை.

"காது கேட்காதும்மா. இது எங்களோடுதான் இருக்கும், விற்பதற்கில்லை" என்றார்.

வெள்ளை நிற ஜாதிகளுக்கு உள்ள ஆபத்து இது. உட்காதில் நிறமி அணுக்கள் இல்லாவிட்டால், ஒலியை வாங்கும் நுண்ணிய அணுக்கள் பிறந்த சில வாரத்திலேயே பட்டுப்போகின்றன. அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 30 வரை ஒரு காதாவது கேட்காதவை என்று கண்டிருக்கிறார்கள். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் சாவிக்கொத்து கண்டுபிடிக்காது. யந்திரச் சோதனைதான் வேண்டும். இதையும் அவரே சொன்னார். பளிச்சென்ற வெள்ளைதான் வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, இந்தக் குறையும் பெருகும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

காதில் லேசாகப் பழுப்பு ஓடிய இன்னொன்றை முடிவு செய்தோம். வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடக்கூடாது, தன்னிடமே கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். எட்டு வாரம் முடிய இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பையன் காலண்டரில் கட்டம் அடித்துக்கொண்டிருக்கிறான். பாட்டி சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறார்.